தோற்கிற அணியில் ஒரு தடியன் வேண்டும்

1962-இல் அமெரிக்காவின் ஓக்லண்ட் ரெய்டர்ஸ் ஃபுட்பால் அணி 14 மேட்ச் ஆடி 13-இல் தோற்றது. மிச்சம் ஒன்றில் எப்படி ஜெயித்தார்கள் என்று கேட்காதீர்கள். அவர்களுக்கே அது ஆச்சரியமாகத்தான் இருந்திருக்கும்.

அந்த அணியில் கொஞ்சம் பங்கு வைத்திருந்தவர் பில் விங்கென்பாக் என்ற உள்ளூர்த் தொழிலதிபர். நண்பர்களுக்கு 'விங்க்'. அந்த சீசனில் அணியோடு கிழக்குக் கரைக்கு டூர் போயிருந்தார். நியூயார்க் ஹோட்டல் ஒன்றில் விங்க், அணியின் பி.ஆர்.ஓ. பில் டனல், 'ஓக்லண்ட் ட்ரிப்யூன்' நிருபர் ஸ்காட்டி ஸ்டிர்லிங் மூவரும் கூடி உட்கார்ந்தார்கள். அணியின் மானமோ கப்பலேறிக்கொண்டிருக்கிறது. கோச்சை மாற்றலாமா, ஆளை மாற்றலாமா என்றுதானே பேசியிருப்பார்கள்? அதுதான் இல்லை. புதிதாக ஒரு விளையாட்டுக்கு ரூல்ஸ் எழுதினார்கள்!

சொந்த அணி ஜெயிக்கப்போவதில்லை. ஆகவே ஊரிலுள்ள எல்லா அணிகளிலிருந்தும் நல்ல ஆட்களைப் பொறுக்கி, காகிதத்தில் ஆளுக்கொரு அணி அமைத்துக்கொள்வோம். அந்த ஆட்கள் நிஜ மைதானத்தில் சாதிப்பதற்கெல்லாம் இங்கே நமக்குப் பாயின்ட். ஃபேன்டஸி ஃபுட்பால் பிறந்தது இப்படித்தான். இன்று ட்ரீம் லெவனில் கேப்டனை மாற்றுவதா வேண்டாமா என்று நகம் கடிக்கும் அத்தனை பேருக்கும் மூதாதை, தோற்றுத் தோற்று வெறுத்துப்போன இந்த விங்க்தான்.

அமெரிக்க ஃபுட்பால் தெரியாதவர்களுக்கு ஒரு நிமிடப் பாடம். பெயர்தான் ஃபுட்பால், காலுக்கு அதிகம் வேலையில்லை. முட்டை வடிவப் பந்தை வைத்துக்கொண்டு 11 பேர் முன்னேறப் பார்ப்பார்கள், அது அஃபென்ஸ். இன்னொரு 11 பேர் அவர்களைப் பிடித்து மண்ணில் சாய்ப்பார்கள், அது டிஃபென்ஸ். பந்தை வீசுகிற க்வார்ட்டர்பேக்குக்கு ஷாம்பூ விளம்பரம் கிடைக்கும். சாய்க்கிறவனுக்கு முழங்கால் வலி கிடைக்கும்.

விங்க் தன் லீக்குக்கு வைத்த பெயர்: 'கிரேட்டர் ஓக்லண்ட் புரொஃபஷனல் பிக்ஸ்கின் ப்ராக்னாஸ்டிகேட்டர்ஸ் லீக்'. இதை முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் ரெய்டர்ஸ் இன்னொரு மேட்ச் தோற்றிருக்கும். சேர்வதற்குத் தகுதிகளும் உண்டு. நிஜ ஃபுட்பால் லீக் நிர்வாகத்தில் வேலை பார்க்க வேண்டும், அல்லது ஃபுட்பால் நிருபராக இருக்க வேண்டும், அல்லது ரெய்டர்ஸுக்கு 10 சீசன் டிக்கெட் வாங்கியோ விற்றோ இருக்க வேண்டும். 14-க்கு 13 தோற்ற அணிக்கு 10 டிக்கெட் விற்றவனை லீக்கில் சேர்ப்பதென்ன, செனட்டுக்கே அனுப்பலாம்.

1963 ஆகஸ்டில் விங்க் வீட்டில் 8 அணிகளுக்கு ஏலம் மாதிரி ஒன்று நடந்தது. பணம் கூவி எடுப்பதில்லை, வரிசைப்படி ஆளுக்கொரு பெயர் சொல்ல வேண்டும். 'டிராஃப்ட்' என்பார்கள். உலகத்தின் முதல் ஃபேன்டஸி ஃபுட்பால் தேர்வு என்ற சரித்திரப் பெருமை ஆண்டி மௌசலிமஸ் கைக்கு வந்தது. லேசுப்பட்ட ஆள் இல்லை. இரண்டாம் உலகப் போரில் ஓ.எஸ்.எஸ். உளவுப் படையில் சேர்ந்து, நாஜிகள் பிடியிலிருந்த கிரீஸுக்குள் புகுந்து சண்டை போட்டவர். ஹிட்லருக்கே பயப்படாத அந்த மனிதர், ஜிம் பிரவுன் என்ற மகா ஓட்டக்காரரை விட்டுவிட்டு, ஜார்ஜ் பிளாண்டா என்று பெயர் சொன்னார்.

பிளாண்டா, ஹூஸ்டன் ஆய்லர்ஸின் க்வார்ட்டர்பேக். பந்தும் வீசுவார், கோலும் உதைப்பார். இரண்டு வழியில் வருமானம் என்று மௌசலிமஸ் கணக்குப் போட்டிருக்கலாம். ஆனால் அதற்கு முந்தைய சீசனில் பிளாண்டா வீசியதில் 42 பந்துகளை எதிரணிக்காரர்கள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். இன்டர்செப்ஷனில் இது சரித்திரச் சாதனை, இன்றுவரை யாரும் கிட்டேகூட வரவில்லை. ஜிம் பிரவுனோ அந்த 1963-இல் 1,863 கஜம் ஓடி அன்றைய சாதனையையெல்லாம் முறியடித்தார். முதல் தேர்விலேயே கோட்டை விடுகிற மரபு அன்று தொடங்கியது. இன்றுவரை தடங்கலின்றி நடந்துவருகிறது.

சரி, அந்த 42 பந்துகளையும் பிடித்த புண்ணியவான்கள் யார்? அத்தனை பேரும் டிஃபென்ஸ்காரர்கள். 'அவர்களுக்கும் பாயின்ட் கொடுத்தால் என்ன?' என்று இன்று சில லீக்குகளில் ஆடுகிறார்களே, 'ஐ.டி.பி.', அதாவது இண்டிவிஜுவல் டிஃபென்சிவ் ப்ளேயர் ஃபார்மட், அதை இணைய யுகத்து மேதைகள் கண்டுபிடித்த நவீன சித்து என்று நினைப்பவர்கள் நிறைய. அடேயப்பா! விங்கின் ரூல்ஸைப் பாருங்கள். ஒவ்வொரு அணிக்கும் 20 பேர் கொண்ட ரோஸ்டர். அதில் முன்வரிசையில் நின்று முட்டுகிற டிஃபென்சிவ் லைன்மேன் 2 பேர், அவர்களுக்குப் பின்னால் நிற்கிற லைன்பேக்கரோ டிஃபென்சிவ் பேக்கோ 2 பேர். பெயர் சொல்லி எடுக்கப்பட்ட நான்கு டிஃபென்ஸ்காரர்கள் முதல் நாளிலிருந்தே ஆட்டத்தில் இருந்திருக்கிறார்கள்.

ஆனால் அவர்களை எடுத்து என்ன பிரயோஜனம் என்பதுதான் கேள்வி. அன்றைய கணக்கு பெரும்பாலும் டச் டவுனுக்கு, அதாவது பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் சேர்ப்பதற்கு. ஒரு டிஃபென்சிவ் லைன்மேன் எதிராளியை எத்தனை முறை தூக்கிப் போட்டாலும் காலணா கிடையாது. தவறிப் போகிற பந்தை அள்ளிக்கொண்டு அந்த மாமிச மலை கடைசிக் கோடுவரை ஓட வேண்டும். அது எப்போது நடக்கும் என்று பஞ்சாங்கத்தில்கூடப் போடமாட்டார்கள். ஆக, 1963-இன் டிஃபென்ஸ் ரோஸ்டர் ஸ்ட்ராட்டஜி மிக எளிமையானது: பிரார்த்தனை.

கடைசி இடத்துக்கு வருகிறவருக்கும் விங்க் ஒரு கோப்பை வைத்திருந்தார். முட்டாள் தொப்பி போட்ட ஃபுட்பால் முகம், மரத்தில் செய்தது. தோற்றவர் அதை வீட்டு வரவேற்பறையில், வருகிறவர் போகிறவர் கண்ணில் படும்படி வைத்திருக்க வேண்டும். ஜெயித்தவர்களைச் சரித்திரம் மறந்துவிட்டது. அந்தத் தொப்பியை எல்லோரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

விளையாட்டு மெல்லப் பரவியது. 1969-இல் மௌசலிமஸ் தன் 'கிங்ஸ் எக்ஸ்' பாரில் பொதுஜனங்களுக்கும் லீக் திறந்துவிட்டார். ஜனம் கூடக் கூட, டிஃபென்ஸ்காரர்களைத் தனித்தனியாக எடுக்கும் வழக்கம் ஓரத்துக்குப் போய்விட்டது. காரணம் ரொம்பச் சாதாரணம், பேப்பர்! திங்கட்கிழமை காலைப் பேப்பரைப் பார்த்துத்தான் பாயின்ட் கூட்ட வேண்டும். யார் டச் டவுன் போட்டார், யார் எத்தனை கஜம் ஓடினார் என்றெல்லாம் அதில் இருக்கும். யார் யாரைக் கீழே தள்ளினார் என்று இருக்காது. பேப்பரில் பெயர் வராதவன் கற்பனையிலும் வரமுடியாது என்று ஆகிவிட்டது.

அந்த அநியாயத்துக்கு ஒரு சாட்சி வேண்டுமென்றால், டீக்கன் ஜோன்ஸ். க்வார்ட்டர்பேக்கைப் பந்தோடு சேர்த்து மண்ணில் சாய்ப்பதற்கு 'ஸாக்' என்று பெயர் வைத்தவரே இவர்தான் என்பார்கள். 1960-களில் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸில் இவர் சாய்க்காத க்வார்ட்டர்பேக் பாக்கியில்லை. ஆனால் தேசிய ஃபுட்பால் லீக்கான என்.எஃப்.எல். ஸாக்கை அதிகாரபூர்வமாக எண்ண ஆரம்பித்தது 1982-இல். ஜோன்ஸ் ரிட்டையர் ஆனதோ 1974-இல். ஆகவே பெயர் வைத்த மகானின் அதிகாரபூர்வ ஸாக் எண்ணிக்கை: பூஜ்யம்.

இதற்குள் மற்ற லீக்குகள் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தன. 11 பேரையும் ஒரே பொட்டலமாகக் கட்டி 'சிகாகோ டிஃபென்ஸ்' என்று பெயர் ஒட்டி, ஒரே ஆளாகக் கணக்குப் பண்ணுவது. இன்றும் பெரும்பாலான லீக்குகளில் இதுதான். கோல் உதைக்கிற ஒல்லிக்குச்சி ஆசாமிக்குத் தனி இடம் உண்டு. உதை வாங்குகிற 11 பேருக்குச் சேர்த்து ஒரே இடம்.

சிலர் மட்டும் விடவில்லை. ஸாக் கணக்கு வந்தது, பிறகு பந்தோடு ஓடுகிறவனைச் சாய்க்கிற 'டேக்கிள்' கணக்கு வந்தது, கம்ப்யூட்டர் வந்தது. பொட்டலத்தைப் பிரித்து ஆள் ஆளாக எடுக்க ஆரம்பித்தார்கள். பிரித்த கையோடு அவர்களுக்குக் காத்திருந்தது பேரதிர்ச்சி. இந்த ஆட்டத்தில் மகத்தான ஆட்டக்காரன் தண்டம்!

என்ன உளறல் என்கிறீர்களா? அதே ரெய்டர்ஸின் நாம்டி அசோமுகாவைப் பாருங்கள். கார்னர்பேக். எதிரணியின் பந்து பிடிக்கிறவரை ஒட்டிக்கொண்டே ஓடி, பந்து கிடைக்காமல் செய்வது இவர் வேலை. 2006-இல் 8 இன்டர்செப்ஷன் எடுத்தார். மறு வருடம் ஃபேன்டஸிக்காரர்கள் வாயெல்லாம் பல்லாக இவரை எடுத்தார்கள். க்வார்ட்டர்பேக்குகள் என்ன செய்தார்கள் தெரியுமா? இவர் இருக்கும் பக்கமே பந்து வீசுவதை நிறுத்திவிட்டார்கள். 2007-இல் ஒரு இன்டர்செப்ஷன். 2008-இலும் ஒன்றே ஒன்று, ஆனால் அந்த வருடம் தேசத்தின் ஆகச் சிறந்த அணி என்று பத்திரிகையாளர்கள் தேர்வு செய்யும் 'ஆல்-ப்ரோ'வில் இடம். நிஜத்தில் கிரீடம், ஃபேன்டஸியில் பட்டினி.

பந்து வராவிட்டால் பிடிக்க முடியாது, தள்ளிவிடவும் முடியாது, டேக்கிளும் கிடையாது. ஆகவே ஐ.டி.பி. ஞானிகள் ஒரு சூத்திரம் வகுத்தார்கள். 'ரூக்கி கார்னர் ரூல்' என்று பெயர். புதிதாக வந்து, இன்னும் மீசைகூடச் சரியாக முளைக்காத கார்னர்பேக்கை எடு. எதிரணிகள் எல்லாம் பையனைச் சோதித்துப் பார்க்க அவன் தலைமேலேயே பந்து வீசும். பாவம், அவனும் விட்டுவிட்டுத் துரத்திப் பிடித்துக் கீழே தள்ளுவான். தள்ளுகிற ஒவ்வொன்றும் உங்களுக்குப் பாயின்ட். அவன் தொழில் கற்றுக்கொண்டு நன்றாக ஆட ஆரம்பித்த அன்றைக்குக் கழற்றிவிட்டுவிட வேண்டும்.

இதைவிடப் பெரிய ரகசியம் லைன்பேக்கர். நடுவில் நின்று, வருகிறவன் போகிறவனையெல்லாம் சாய்ப்பவன். ஐ.டி.பி. ரோஸ்டருக்கு முதுகெலும்பே இவன்தான். ஆனால் எந்த அணி லைன்பேக்கர்? ஜெயிக்கிற அணியில் அஃபென்ஸ் நெடுநேரம் பந்தை வைத்திருக்கும், டிஃபென்ஸ் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும். தோற்கிற அணியிலோ அஃபென்ஸ் மூன்றே முயற்சியில் திரும்பி வந்துவிடும், டிஃபென்ஸ் நாள் முழுக்க மைதானத்திலேயே கிடக்கும். கிடந்தால் டேக்கிள், டேக்கிள் என்றால் பாயின்ட். திறமைசாலி தேவைதான். ஆனால் அவன் கொஞ்சம் ராசியில்லாத வீட்டில் வாழ்க்கைப்பட்டிருக்க வேண்டும்.

ஃபோயே ஒலுவோக்குன் கதையைக் கேளுங்கள். யேல் பல்கலைக்கழகத்தில் படித்தவர். அங்கே படித்தவர்கள் ஜனாதிபதியாவார்கள், நீதிபதியாவார்கள். இவர் லைன்பேக்கரானார். 2018-இல் அட்லாண்டா ஃபால்கன்ஸ் ஆறாவது சுற்றில், கிட்டத்தட்டக் கொசுறாக, எடுத்தது. 2021-இல் ஃபால்கன்ஸ் 7 ஜெயித்து 10 தோற்றது. ஒலுவோக்குன் 192 டேக்கிள்கள், லீக்கிலேயே முதலிடம். நட்சத்திரங்களுக்கான 'ப்ரோ பவுல்' அழைப்பு வந்ததா? வரவில்லை. அடுத்த வருடம் ஜாக்சன்வில்லுக்கு மாறி 184 டேக்கிள், மறுபடி முதலிடம். அப்போதும் அழைப்பு இல்லை. ஐ.டி.பி. வீடுகளில் மட்டும் அவர் குலதெய்வம். சும்மா சொல்லக்கூடாது, ஜாக்சன்வில்காரர்களும் மூன்று வருடத்துக்கு 4.5 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார்கள். பரிவட்டம் கட்டாவிட்டாலும் படி அளந்துவிட்டார்கள்.

இந்த டேக்கிள் கணக்கை எழுதுவது யார் என்று நினைக்கிறீர்கள்? கடவுள் இல்லை. ஒவ்வொரு மைதானத்திலும் மேலே பிரஸ் பாக்ஸில் உட்கார்ந்திருக்கும் உள்ளூர் ஸ்கோரர்கள். கீழே ஏழெட்டுப் பேர் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கிடப்பார்கள். அந்தக் குவியலில் சாய்த்தது யார், சும்மா மேலே போய் விழுந்தவன் யார்? தனியாகச் சாய்த்தால் 'ஸோலோ', கூடச் சேர்ந்தால் 'அசிஸ்ட்'. சில மைதானத்து ஸ்கோரர்களுக்குத் தாராள மனசு, கிட்டே நின்றவனுக்கெல்லாம் அசிஸ்ட் எழுதிவிடுவார்கள். தேர்ந்த ஐ.டி.பி.காரர் எந்த ஊர் ஸ்கோரர் தர்மப்பிரபு, எந்த ஊர் ஸ்கோரர் கஞ்சன் என்று பட்டியலே வைத்திருப்பார். ஆட்டக்காரனை ஸ்கௌட் பண்ணுவது பழைய பாணி. இவர் குமாஸ்தாவையே ஸ்கௌட் பண்ணுகிறார்.

அடுத்த கூத்து, யார் எந்த ஜாதி என்பது. மைதானத்து ஜாதிதான், பயப்படாதீர்கள். லைன்பேக்கர்களுக்கு டேக்கிள் கொட்டும், லைன்மேன்களுக்கு அவ்வளவு வராது. ஆகவே பாயின்ட் எடுக்கிற லைன்மேன் அபூர்வம், விலை அதிகம். விளிம்பில் நின்று க்வார்ட்டர்பேக்கைத் துரத்துகிறவனை என்ன என்று சொல்வது? சில அணிகளில் அவன் டிஃபென்சிவ் எண்ட், அதாவது லைன்மேன் ஜாதி, சில அணிகளில் அவுட்சைடு லைன்பேக்கர். 2015-இல் கலீல் மேக் என்ற மாமனிதர் டென்வரோடு நடந்த ஒரே மேட்சில் 5 ஸாக், சீசனில் மொத்தம் 15 எடுத்தார். ஆல்-ப்ரோவுக்கு ஓட்டுப்போட்டவர்களுக்கே இவரை எங்கே வைப்பதென்று குழப்பம். இரண்டு இடத்திலும் போட்டுவிட்டார்கள்! ஒரே வருடத்தில் இரண்டு இடங்களில் முதல் அணிக்குத் தேர்வான முதல் ஆள். ஃபேன்டஸிக்காரர்களுக்கு மட்டும் வயிற்றெரிச்சல். அதே மேக், அதே தோள், அதே 15 ஸாக். லைன்மேன் என்று பதிவானால் தங்கம், லைன்பேக்கர் என்று பதிவானால் தகரம்.

ஸாக்கை நம்பி ரோஸ்டர் கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2001 சீசனின் கடைசி மேட்ச், நடந்தது 2002 ஜனவரியில். நியூயார்க் ஜயன்ட்ஸின் மைக்கேல் ஸ்ட்ரஹான், மார்க் காஸ்டினோவின் 22 ஸாக் சாதனையை முறியடிக்க இன்னும் ஒன்று வேண்டும். எதிரே க்வார்ட்டர்பேக் பிரெட் ஃபாவ்ர், மேட்ச் ஏறக்குறைய அவர் பையில். பந்தை வைத்துக்கொண்டு ஸ்ட்ரஹான் இருக்கும் பக்கமாகவே ஓடி வந்து, பாய் விரித்த மாதிரி பொத்தென்று படுத்தார். ஸ்ட்ரஹான் மேலே விழுந்தார், 22.5, சாதனை. காஸ்டினோவுக்குக் கோபம் ஆறவில்லை. 2023-இல் ஆட்டோகிராஃப் நிகழ்ச்சி ஒன்றில் ஃபாவ்ரைப் பார்த்ததும், 'என் ஸாக்கை எனக்குத் திருப்பிக் கொடு' என்கிற ரீதியில் சண்டைக்குப் போய்விட்டார். டேக்கிள் உழைப்பு, ஸாக் அதிர்ஷ்டம். சில சமயம் எதிராளியின் தயவு.

எல்லா சூத்திரத்தையும் கிழித்துப் போட ஒரு ஆள் வருவான் இல்லையா? வந்தார். 2014-இல் ஹூஸ்டன் டெக்ஸன்ஸின் ஜே.ஜே. வாட். லைன்மேன், ஸாக் 20.5. அது போதாதென்று 5 டச் டவுன்! மூன்று அஃபென்ஸ் பக்கம் போய் பந்து பிடித்தது, ஒன்று இன்டர்செப்ஷன், ஒன்று எதிரணி தவறவிட்டதை அள்ளியது. 1963-இல் ஓக்லண்ட்காரர்கள் செய்த பிரார்த்தனை 51 வருடம் தாமதமாக டெலிவரி ஆகியிருக்கிறது. மறு வருடம் என்ன ஆனது? ஊரெல்லாம் ஆளாளுக்கு 'அடுத்த வாட்' என்று யாரோ ஒரு லைன்மேனை முந்தியடித்து எடுத்துவிட்டு, நல்ல லைன்பேக்கரையெல்லாம் பக்கத்து வீட்டுக்குத் தானம் செய்தார்கள். அடுத்த வாட் இன்னும் வரவில்லை. அந்த வருடம் வாட்டே டச் டவுன் போடவில்லை.

ஆக, சரித்திரம் கற்றுத்தரும் ரோஸ்டர் சாஸ்திரம் இவ்வளவுதான். முதலில் உங்கள் லீக்கின் பாயின்ட் பட்டியலைப் படியுங்கள். டேக்கிளுக்கு ஒன்று, ஸாக்குக்கு இரண்டு என்றால் லைன்பேக்கர் ராஜ்ஜியம். ஸாக்குக்கு ஆறு என்றால் லைன்மேனுக்கு மரியாதை. எந்த முயற்சியிலும் மைதானத்தை விட்டு வெளியே போகாத லைன்பேக்கர்களைச் சத்தமில்லாமல் சேருங்கள். கார்னர்பேக், சேஃப்டி என்ற பின்வரிசைக்காரர்களையெல்லாம் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், வாரத்துக்கு ஒருவரைக்கூட மாற்றலாம். போஸ்டரில் முகம் இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். ஜெர்சியில் மண் இருக்கிறதா என்று பாருங்கள். இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். டிராஃப்ட் நாளில் நட்சத்திரத்தின் பெயர் காதில் விழுந்ததும் எல்லோருக்கும் மறந்துவிடும்.

இத்தனையும் சரியாகச் செய்து ஜெயித்தீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். திங்கட்கிழமை ராத்திரி, கடைசி நிமிடம், உங்கள் லைன்பேக்கர் ஒரு குவியலின் மேல் போய் விழுகிறார், ஒரு அசிஸ்ட், அரைப் பாயின்ட்டில் வெற்றி. செவ்வாய்க்கிழமை லீக் வாட்ஸ்அப் குரூப்பில் தோற்றவனுக்கு நீங்கள் அனுப்பாத மீம் இல்லை. புதன்கிழமை 'ஸ்ட்ராட்டஜி என்றால் என்ன' என்று ஒரு நீண்ட வாய்ஸ் மெசேஜ் வேறு. என்.எஃப்.எல்.லில் ஒரு வழக்கம் உண்டு. மேட்ச் முடிந்தபின் வீடியோவை மறுபடி ஓட்டிப் பார்த்து, தப்பாக எழுதிய டேக்கிள்களைத் திருத்தி, வாரத்தின் நடுவில் 'ஸ்டாட் கரெக்ஷன்' விடுவார்கள். வியாழக்கிழமை காலை அந்த அசிஸ்ட் பக்கத்தில் நின்றவர் பெயருக்கு மாறியிருக்கும். அவர் யார் அணியில் இருக்கிறார் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா என்ன?